முறைத் தண்ணீரும் முலைப்பாலும்

முரசுமோட்டையில் சிறுபோகம் தொடங்கிவிட்டால் நாலு பேர் கூடுமிடமெல்லாம் தண்ணீர்க் கதைதான். இரணைமடுக் குளத்திலிருந்து வரும் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்றைக்கு மேல் வயல், நாளைக்கு நடு வயல், அதற்குப் பிறகுதான் கடைசி வயல். முறை பிசகினால் அண்ணன் தம்பி என்று பார்க்கமாட்டார்கள், வரம்பில் நின்றே மண்வெட்டி தூக்குவார்கள். ரஜிதனின் வாய்க்காலில் மட்டும் நான்கு வருடமாக ஒரு வாய்த்தர்க்கமும் இல்லை. வாய்க்கால் கதவுப் பூட்டின் திறப்பு அவனிடம்தான் இருந்தது. சொந்தத் தமையன் வந்து கெஞ்சினாலும் ஐந்து நிமிடம் முந்தித் திறக்கமாட்டான். "ரஜிதன்ர நேரம் கோயில் மணி மாதிரி" என்று ஊர் சொல்லும்போது அவன் மனைவி யதுர்ஷிகாவுக்கு உள்ளூரக் குளிரும். மகன் பிறக்கும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

மகன் வைகாசியில் பிறந்தான். இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது கிராம். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்ற தாதி, "மூண்டு மணித்தியாலத்துக்கு மேல பால் குடுக்காம விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டாள். யதுர்ஷிகா தையல் நோவில் தலையை ஆட்டினாள். ரஜிதனோ அதைக் காதில் வாங்கி முடிச்சுப்போட்டுக் கொண்டான். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாதே என்பது அவன் காதில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை திற என்று விழுந்தது. வாய்க்கால்காரனின் காது வேறெப்படிக் கேட்கும்?

வீட்டுக்கு வந்த அன்றே போனில் அலாரம் வைத்துவிட்டான். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று; பகலுக்கு நாலு, இரவுக்கு நாலு. அலாரம் அடித்தால் நல்ல நித்திரையில் கிடக்கும் பிள்ளையைக் காதைத் தடவி எழுப்புவது. இடையில் பிள்ளை சிணுங்கினால் வாயில் ரப்பர் சூப்பியை வைப்பது, தோளில் போட்டு நடப்பது, "கொஞ்சம் பொறடா தம்பி, இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு" என்று சொல்வது. ரஜிதன் கல்நெஞ்சன் இல்லை. பிள்ளையோடு சேர்ந்து அவன் கண்ணும் கலங்கும். ஆனாலும் அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது.

"குளம் நிறைய நேரம் குடுக்க வேணும், யது. சும்மா சும்மா திறந்துகொண்டிருந்தா கடைசி வயலுக்குத் தண்ணி ஏறாது. நீரே யோசிச்சுப் பாரும்."

"நான் என்ன குளமே?"

"உமக்கு விளங்கிறதுக்காகச் சொன்னனான்."

பக்கத்து வளவு வடிவம்மா வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்பாள். "எடி பிள்ளை, உன்ர மனுசன் வாய்க்காலுக்குக் கதவு போட்டது போதாதெண்டு உனக்கும் எல்லோ போட்டிட்டான்!" என்று சொல்லிச் சிரிப்பாள். யதுர்ஷிகாவும் கூடச் சிரித்தாள். பிறந்து பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமையோடு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அன்றைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் கிருசாந்தி ஸ்கூட்டியில் வந்தாள். யதுர்ஷிகாவைவிட இரண்டு வயது இளையவள். துணுக்காயில் பிறந்தவள், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். மாமரக் கொப்பில் தராசைக் கொளுவி, பிள்ளையைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கினாள். முள் இரண்டு அறுநூற்றெண்பதில் நின்றது. இறக்கி, இன்னொருமுறை தூக்கினாள். முள் அசையவில்லை.

"அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் சலம் போறார்?"

"மூண்டு… நாலு தரம்."

"ஆறு தரமாவது போகோணும். பால் எத்தனை தரம் குடுக்கிறீங்கள்?"

யதுர்ஷிகா வாய் திறக்குமுன் ரஜிதன் சொன்னான். "மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, மிஸ். ஒரு நிமிசம் பிசகாது." பரீட்சையில் முதலாவதாக வந்த மாணவனின் முகம் அவனுக்கு.

கிருசாந்தி பிள்ளையைப் பால் குடிக்க விட்டுப் பார்த்தாள். வாய் வைத்தது சரி, இழுப்பது சரி, விழுங்கும் சத்தமும் கேட்டது. பிறகு நிமிர்ந்தாள். "இதில ஒரு பிழையும் இல்லை. நேரத்திலதான் பிழை. மூண்டு மணித்தியாலம் எண்டது கடைசி எல்லை, அண்ணை. அதுக்கிடையில எத்தனை தரம் கேட்டாலும் குடுக்கத்தான் வேணும். இந்த வயதில எட்டு, பத்து, பன்ரண்டு தரம் கேப்பினம். அழுமட்டும் பாத்திருக்கவும் கூடாது. வாயைச் சப்புவார், கையைச் சூப்புவார், தலையைத் திருப்பித் தேடுவார். அதுதான் கேக்கிறது. அழுகை வந்தா நீங்கள் பிந்திப்போனீங்கள் எண்டு அர்த்தம்."

படலையடியில் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை திரும்பி வந்து நிறுப்பன், அக்கா. ஏறாட்டி பெரியாஸ்பத்திரிக்கு எழுதுவன். அவை பாத்திட்டு, தேவையெண்டா மாப்பால் கரைச்சுக் குடுக்கச் சொல்லுவினம். அதுக்கிடையில ஆள் சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க எழும்பாட்டியோ, உடன கொண்டு ஓடுங்கோ."

அன்று பின்னேரமே ரஜிதன் கிளிநொச்சிக்குப் போய் ஒரு பேணி மாப்பால் வாங்கி வந்தான். "இருக்கட்டும், ஒரு காவலுக்கு" என்று அலுமாரிக்கு மேல் வைத்தான், அலாரத்தை மட்டும் அழிக்கவில்லை. பேணியில் ஒரு கொழுத்த வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. யதுர்ஷிகா எந்தப் பக்கம் திரும்பினாலும் அது அவளையே பார்த்தது. 'உனக்குப் பால் காணாது' என்று அது சொல்வதுபோல் இருந்தது. அவள் தன் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சுபோல் கிடந்தது. மகனுடைய எலும்பு தெரியும் தொடையைப் பார்த்தாள். பதினெட்டு வயதில் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவள், தையல் பழகித் தன் கையால் தையல் மெசின் வாங்கியவள், இந்தச் சின்ன உயிரின் வயிற்றை நிரப்பத் தெரியாதவளாய் நின்றாள். கேட்க அம்மாவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ரஜிதனின் வாய்க்காலுக்கு முறை. விடிய முதலே போனான். போனும் அவனோடு போனது, போனுக்குள் இருந்த அலாரமும் போனது. அன்றைக்கு வீட்டில் மணிக்கூடு என்று ஒன்று இல்லை.

மகன் கேட்டான், கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டான், கொடுத்தாள். கொஞ்சம் நித்திரை கொண்டான். கையை வாய்க்குள் வைத்துச் சப்பினான், கொடுத்தாள். வெயில் ஏறிய பிறகும் அடுப்பு மூட்டவில்லை, தலையும் வாரி இழுக்கவில்லை. மடியிலிருந்து அவனை இறக்கவே முடியவில்லை. வடிவம்மா ஒரு கோப்பை சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் நாடியில் கைவைத்தாள்.

"இப்பதானே குடிச்சவன்? பால் காணாமல்தான் பிள்ளை இப்பிடிப் பறக்குது. அந்தப் பேணியை உடையன், பாவம்."

அவள் போனபின் யதுர்ஷிகா அலுமாரியைப் பார்த்தாள். எழும்பிக் கதிரையை இழுத்து, அதில் ஏறி, பேணியில் கையும் வைத்துவிட்டாள். 'இப்பதானே குடிச்சவன்.' அந்தச் சொல்லை அவள் எங்கோ முன்பு கேட்டிருந்தாள். கேட்டது மட்டுமல்ல, சொன்னவளே அவள்தான்.

உடையார்கட்டில், யுத்தத்துக்குத் தப்பிச் சனம் நகர்ந்துகொண்டிருந்த வழியில். அவளுக்கு ஒன்பது வயது. தம்பி நிரோஜன் கைக்குழந்தை. அம்மா சிவனேஸ்வரி பத்து அடி நடப்பாள், தம்பி சிணுங்குவான், அம்மா ஒரு உழவு இயந்திரப் பெட்டிக்குக் கீழே குந்திவிடுவாள். சனம் அவர்களைக் கடந்துகொண்டே இருக்கும். பயத்திலும் கோபத்திலும் யதுர்ஷிகா கத்தினாள்: "அம்மா, இப்பதானே குடிச்சவன்!" அம்மா அவசரப்படவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சொன்னாள்: "அப்ப குடிச்சது அப்ப. இப்ப கேக்கிறது இப்ப."

அம்மா அந்த நாட்களில் என்ன சாப்பிட்டாள் என்று யதுர்ஷிகாவுக்கு நினைவில்லை. சாப்பிட்டாளா என்பதே நிச்சயமில்லை. அந்த வைகாசியில் அம்மா கண்மூடும்போது தம்பிக்கு ஆறு மாதம். அவன் தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. அந்த வருடம் எத்தனையோ காணாமல் போயின. அம்மாவின் பால் மட்டும் ஒருநாளும் காணாமல் போகவில்லை. அந்தத் தம்பி இப்போது இந்த வீட்டுக்கு வந்தால் குசினி நிலையில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவான். அவ்வளவு உயரம்.

யதுர்ஷிகா கதிரையை விட்டு இறங்கினாள். பேணி அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

ரஜிதன் சேற்றுக் காலோடு பின்னேரம் வந்தான். அவள் சொன்னதைக் கேட்டு, கால் கழுவப் போனவன் கிணற்றடியிலேயே நின்றுவிட்டான். "பதினொரு தரமே? அப்ப ராவைக்கு என்ன மிஞ்சும், யது?"

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனிடம் போனாள். "இஞ்சாருங்கோ, போன ஆடியில இந்தக் கிணறு வத்தினது ஞாபகம் இருக்கோ? அப்ப என்ன செய்தனீங்கள், மூடி வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?"

"இல்லை. தண்ணி மெசினைப் போட்டு இறைச்சனான். சேறு எடுத்தனான்."

"ஏன்?"

"இறைச்சாத்தானே ஊத்துக்கண் திறக்கும்… இறைக்காத கிணறு…" அவன் பாதியில் நிறுத்தினான். கயிற்றில் தொங்கிய வாளியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நான் குளமில்லையப்பா. கிணறு."

ரஜிதன் கால் கழுவி, கை துடைத்து, போனை எடுத்து அலாரங்களை ஒவ்வொன்றாக அழித்தான். எட்டாவதை அழித்துவிட்டு, "வாய்க்கால் அலாரம் மட்டும் கிடக்கட்டும்" என்றான். அன்றிரவு அவள் எழும்பிய நேரமெல்லாம் அவனும் எழும்பி, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். புதன்கிழமை பிள்ளை சலம் போய் நனைத்து, கழுவிப்போட்ட துணிகள் கொடி முழுக்கத் தொங்கின. ஏழு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கிருசாந்தி தராசைக் கொளுவினாள். ரஜிதன் முள்ளைப் பார்க்கப் பயந்து வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலிக்கு மேலால் வடிவம்மாவின் தலை தெரிந்தது.

"ரெண்டு எண்ணூற்று அறுபது," என்றாள் கிருசாந்தி. "பிறந்த நிறையைத் தாண்டிட்டார், அக்கா! நாலு நாளில நூற்றெண்பது கிராம்!" அவள் கொப்பியை விரித்துப் பேனையை எடுத்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடுக்கிறீங்கள்?"

"எண்ணேல்லை, மிஸ்."

"ஒரு இலக்கம் எழுத வேணுமே."

"கேக்கிற நேரமெல்லாம் எண்டு எழுதுங்கோ."

"யது, தலையைத் திருப்பித் தேடுறான்," என்றான் ரஜிதன். கிருசாந்தி சிரித்தாள். "அண்ணை பாஸ்!"

அந்த நேரம் பார்த்து ரஜிதனின் போன் அடித்தது. தமையன். கடைசி வயலில் இருந்து பேசினார். இன்றைக்கு ஒரு மணித்தியாலம் முந்தித் திறந்துவிட ஏலுமோ என்று கேட்டார்.

"ஏலாது, அண்ணை. முறை எண்டா முறைதான்!" என்று உரத்துச் சொன்ன ரஜிதன், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நாக்கைக் கடித்தான். "இது வயல்…" என்று மெல்ல இழுத்தான். வடிவம்மா சிரித்த சிரிப்பில் வேலியே ஆடியது.

யதுர்ஷிகா மாமரத்தின் கீழ்க் கதிரையில் அமர்ந்து மகனை அணைத்துக்கொண்டாள். அவன் ஒரு பக்கம் இழுக்க இழுக்க, மற்றப் பக்கத்திலும் பால் ஊறிச் சட்டை நனைந்தது. அவள் அதைத் துவாயால் மறைக்கவில்லை.