அருளின் கல்லில் படர்ந்த படை

எங்கள் பங்கின் கல்லறைத் தோட்ட ஒழுங்குமுறையில் இப்படி ஒரு விதி உண்டு: தொடர்ந்து மூன்று கல்லறைத் திருநாள்களுக்குத் துப்புரவு செய்யப்படாத கல்லறை ‘கைவிடப்பட்டது’ எனப் பதிவேட்டில் குறிக்கப்பட்டு, அந்த இடம் வேறு அடக்கத்துக்கு வழங்கப்படும், ஆனால், அவ்வாறு குறிப்பதற்கு முன் குடும்பத்தாருக்கு எழுத்து மூலம் அறிவித்து, அவர்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். முதல் பாதியைப் பங்கு மக்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாம் பாதியைப் படித்தவர்கள் எனக்குத் தெரிந்து இருவர்தான். ஒருவர் என் அப்பா, இன்னொருவன் நான். வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைப் படிக்கிற வழக்கம் நான் பார்த்த எந்த அலுவலகத்திலும் இல்லை.

அருளின் கல்லைத் தடவினால் ஓரிடத்தில் மட்டும் விரல் நுனியில் சொரசொரவென்று படும், ஆறிவரும் புண்ணின் பொருக்கைத் தடவுவது போல. அருள் என் தம்பி. ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவராமலே, காளவாசலைத் தாண்டி இருந்த எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் வரிசையில் புதைத்ததாகப் பின்னால் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு விவரம் தெரியாத வயது. சமயநல்லூர்ப் பக்கத்துப் பாறைக்காட்டிலிருந்து அப்பா ஒரு கல்லை உடைத்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து, உடைந்த புது முகம் வானத்தைப் பார்க்கும்படி அவன் தலைமாட்டில் பதித்தார். பெயர் பொறிக்க அம்மா சம்மதிக்கவில்லை. வாயால் ஒரு தடவைகூடக் கூப்பிடாத பெயரை உளியால் எப்படி எழுதுவது என்றாளாம்.

எதுவும் ஒட்டியிராத அந்தப் புது முகத்தில்தான், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, துவரம்பருப்பு அளவில் ஒரு கறை தெரிந்தது. சாம்பல் கலந்த பச்சை. ஓரம் மட்டும் வெளுப்பு. எங்கள் தெருவில் அதைக் ‘கல்லுப்படை’ என்பார்கள். மனிதத் தோலில் படை வருவது போலக் கல்லுக்கும் வந்திருக்கிறது என்பது பொருள். பெண்கள் மிஷன் பள்ளியில் தாவரவியல் நடத்திய அம்மாவுக்கு அது லைக்கன். லைக்கன் என்பது ஓர் உயிர் இல்லை, இரண்டு உயிர்களின் கூட்டுக் குடித்தனம்: ஒரு பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது, அதற்குள் குடியிருக்கும் பாசி வெயிலைக் கொண்டு இருவருக்கும் சமைத்துப் போடுகிறது. வேர் கிடையாது, இலை கிடையாது, ஊற்ற ஆள் வேண்டாம். பனியும் மழையும் காற்றில் வரும் தூசியுமே ஆகாரம். அதில் இலை மாதிரி எழும்பி நிற்கும் சாதியைத்தான் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கல்பாசி என்று கறி மசாலாவுக்கு விற்கிறார்கள். எங்கள் கல்லில் வந்தது பொருக்காகப் படியும் சாதி. அதைச் சுரண்டி எடுக்க முடியாது. எடுப்பதானால் கல்லையும் சேர்த்துச் செதுக்க வேண்டும். இந்தச் சாதியில் சிலவற்றிலிருந்து சாயம் எடுப்பதுண்டு; அமிலமா காரமா என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் லிட்மஸ் தாளின் நிறமும் ஒரு லைக்கனிலிருந்து வந்ததுதான். நூறு நூறு வருடங்களாகப் பாறையின் மேல்தோலை அணு அணுவாக இளக்கி மண்ணாக்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனால் மற்றவர்கள் மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா சுற்றுச்சுவர்க் கல்லை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

அது வருடத்துக்கு ஒரு நூல் அகலம்கூட வளராது. ஆனாலும் வளர்ந்தது. நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது துவரம்பருப்பு சட்டைப் பொத்தான் ஆகியிருந்தது. நடுவில் கடுகு கடுகாகக் கரும்புள்ளிகள் வந்திருந்தன. அம்மா மண்டியிட்டுச் சுண்டுவிரல் நகத்தை அதன் அருகில் வைத்துப் பார்ப்பாள். வளரும் பிள்ளையைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தித் தலைக்கு மேல் கோடு போடுகிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அவள் முகம்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள்கள் எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு வீடு கழுவுகிற பரபரப்புடன் கழியும். தேங்காய் நார், செங்கல் தூள், சிலர் ஆசிட் பாட்டில்கூடக் கொண்டுவந்து, குடும்பம் குடும்பமாகக் குந்தியிருந்து கல்லறைகளைத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆசிட் ஊற்றித் தேய்த்த பளிங்குக் கல்லில் பெயரும் சேர்ந்து கரைவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வெள்ளையாக இருந்தால் சரி. அம்மா பூ வைப்பாள், மெழுகுவர்த்தி ஏற்றுவாள், கல்லை மட்டும் தொடவிட மாட்டாள்.

பக்கத்து வரிசையில் தன் புருஷன் கல்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்தோணியம்மா ஒரு வருடம் கேட்டே விட்டார்.

“டீச்சரம்மா, நகம் வெட்டலைன்னா பிள்ளைகளை வகுப்புக்கு வெளிய நிறுத்துறீகளாம். இங்க உங்க கல்லுல இம்புட்டுப் படை மண்டிக் கெடக்கு, நாங்க யாரை வெளிய நிறுத்துறது?”

“அது அழுக்கு இல்லக்கா. உசுரு.”

“உசுரா? அப்ப உள்ள கெடக்குறது?”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வாளியிலிருந்த அவ்வளவு தண்ணீரையும் தன் புருஷன் கல்லறை மேல் ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்.

கல்லறைக் கமிட்டிக்குச் செயலாளர் சூசை மாமா. உறவுக்காரர் இல்லை; மில்லில் மேஸ்திரியாக இருந்து எல்லோருக்கும் மாமா ஆனவர். அடுத்த ஆண்டு ஆயர் வருவதாக இருந்ததால் மாமா ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்துக்கொண்டே வந்தார். “ஊரே வெள்ளையா இருக்கு, இது ஒண்ணு மட்டும் பல்லு விழுந்த வாய் மாதிரி தெரியுதேம்மா” என்றார். கமிட்டி கணக்கு வைக்கத் தொடங்கி, துப்புரவு செய்யாத இரண்டு திருநாள்கள் ஏற்கெனவே கழிந்திருந்தன. அம்மா அன்று மாலை சுண்ணாம்பும் மட்டையும் வாங்கிவரச் சொன்னாள். கல் முழுவதும் அடித்தாள். பொத்தான் அளவு இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றி, கண்ணுக்கு மை தீட்டுகிற கவனத்துடன், குச்சியில் சுற்றிய துணியால் வரைந்து முடித்தாள். சூசை மாமா குனிந்து பார்த்துவிட்டு, “முழுசா அடிச்சாத்தாம்மா அடிச்ச கணக்கு” என்றார். அது மூன்றாவது திருநாள்.

தாலுகா ஆபீசில் எழுத்தரான அப்பா அதற்குப் பதறவே இல்லை. அந்தப் பொத்தான் அளவு இடத்துக்கு விலக்கு கேட்டு, பங்குச் சாமியார் மூலமாக, ‘உரிய வழியில்’, ஆயர் இல்லத்துக்கு மனு அனுப்பியிருந்தார்.

“மனு நிலுவையில இருக்கு சூசையண்ணே. நிலுவையில இருக்கப்ப எவனும் கை வைக்கப்படாது.”

“மாப்ள, அதெல்லாம் உங்க தாலுகா ஆபீஸ்ல. இங்க வெயிலடிச்சா சுண்ணாம்பு காயும், மழை பெஞ்சா கரையும். அம்புட்டுத்தான் நமக்குச் சட்டம்.”

அம்மா கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றாள். மனு முடியும்வரை இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்று அப்பா தடுத்துவிட்டார். விண்ணப்பித்துவிட்டாலே பாதி கிடைத்துவிட்டது என்று நம்புகிற வம்சம் எங்களுடையது. நானும் முப்பது வருடத்துக்கு மேல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தில் நின்றவர்களை அப்படியே நம்ப வைத்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிவதற்குள் தையல்காரர் ஒருவரின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. குழந்தைகள் வரிசையில் இடம் இல்லை. தகவல் தெரிந்து நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அருளின் இடத்தில் ஈர மண் குவிந்திருந்தது. அவன் கல்லைப் பிடுங்கிச் சுற்றுச்சுவர் அஸ்திவாரத்துக்கு வெட்டியிருந்த குழியில் முகம் குப்புறப் போட்டு, மேலே வேறு கற்களை அடுக்கிவிட்டிருந்தார்கள். “வெளிச்சம் இல்லாம செத்துரும்” என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

கோபத்துடன்தான் வந்தாள். ஆனால், அந்த மண்குவியலுக்குப் பக்கத்தில் தையல்காரரின் மனைவி, சின்னப் பெண், பால் கட்டி நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் அருகில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து அந்தப் பெண், “இது யாரோட இடமோ தெரியலக்கா, குடுத்துட்டாக” என்றாள். “பிள்ளைகளோட இடந்தான் தாயி” என்றாள் அம்மா.

சூசை மாமா நல்ல மனிதர். அப்பா விதியைச் சொல்லிக் குரலை உயர்த்தியதும் பதிவேட்டையே கொண்டுவந்து காட்டினார். அருள் என்ற பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘கைவிடப்பட்டது’ என்று எழுதியிருந்தது. அம்மா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

அப்பா அன்றிரவே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். அறிவிப்பு கொடுக்காததால் ஒதுக்கீடு செல்லாது, இடத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று வாசித்துக் காட்டினார்.

“அந்தப் பிள்ளையத் தோண்டி எடுக்கச் சொல்லப் போறீகளா?” என்றாள் அம்மா.

அப்பா பேனாவை மூடினார்.

“இடம் போகட்டும். நான் அவனைக் கைவிடலங்க. அந்த வார்த்தைய மட்டும் அடிக்கச் சொல்லுங்க.”

அதைக் கேட்டு எழுதிய மனுவுக்குத்தான் வருடக்கணக்காகப் பதில் வரவில்லை. ஆண்டுதோறும் அப்பா நினைவூட்டு அனுப்பினார். பங்குச் சாமியார்கள் மாறினார்கள், ஆயர்கள் மாறினார்கள், ‘உரிய வழி’ மட்டும் மாறவில்லை. அப்பா இறந்தபோது எனக்கு வந்த சொத்தில் கனமானது அந்தக் கோப்புதான். நானும் நினைவூட்டு அனுப்பினேன். முதலில் எழுத்தராக, பின்பு வட்டாட்சியராக, கடைசியில் ஓய்வூதியராக. அனுப்பியவனின் பதவி உயர்ந்ததால் கோப்பு ஓர் அங்குலமும் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. கண் மங்கலே தவிர வாய் மங்கவில்லை. எல்லாக் கல்லறைத் திருநாளுக்கும் போய், தையல்காரரின் பிள்ளைக்கு ஒன்று, அருளுக்கு ஒன்று என ஒரே மண்ணில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறாள். கடந்த ஆண்டு சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். கல்லறைகள் பளபளக்கும் கருங்கல்லும் ஓடுமாக மாறிவிட்டன. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரத்தால் கழுவுகிறார்கள். வெளியே சாலையில் லாரிப் புகை நின்றபாடில்லை. இந்த உயிருக்குப் புகை ஆகாது என்று அம்மா வகுப்பில் சொல்லிக் கொடுத்தது உண்மை. வரிசை வரிசையாக நிறுத்தி, கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “ஒரு பொட்டுக்கூட இல்லையேடா” என்றாள். அந்தோணியம்மாவின் புருஷன் கல்லும் இல்லை. அந்த வருடமும் அருளின் பெயருக்கு எதிரே அந்தச் சொல் இருக்கத்தான் செய்தது.

அதே வருடம் பங்கிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். புதிதாக வந்த இளம் சாமியார் கையெழுத்திட்டிருந்தார். மனு ஏற்கப்பட்டது; அருள் என்ற பெயருக்கு எதிரே உள்ள சொல் நீக்கப்பட்டு, ‘குடும்பத்தாரால் பேணப்பட்டது’ எனத் திருத்தப்பட்டுள்ளது. அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, வந்தது என்ன தேதி என்று கேட்டாள். சொன்னேன்.

“அப்ப மெழுகுவர்த்தி ஏத்த இன்னும் ஒரு வருசம் இருந்தாகணுமாக்கும்” என்றாள்.

பதில் வந்து சேர்ந்த நாள் நவம்பர் மூன்று, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்.