நிலம் ஆடாத ஊரில் ஆடிய வீடு

"எச்சரிக்கை மணி அடித்தால் வீட்டிலிருப்போர் அனைவரும் உடனே வெளியேற வேண்டும், தலைமை அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கிடைக்கும்வரை எவரும் உள்ளே நுழையக் கூடாது." நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த விதிகளில் இது எட்டாவது. உத்தரத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது ஏழாவது. கட்டட அனுமதி வழங்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விதிகள் எழுதியிருக்கிறேன், பிறர் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். இவ்வளவு தெளிவான விதியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. அதிலிருந்த ஒரே குறை, கோலாலம்பூருக்குத் தெற்கே எங்கள் லாபு வட்டாரத்தில் நிலநடுக்கம் என்ற ஒன்றை எவரும் பார்த்ததில்லை என்பதுதான்.

தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அந்த வீட்டை எங்கள் ரப்பர் தோட்டத்தில் சோதனைக்காகக் கட்டியது. அடித்தளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கனத்த ரப்பர் கட்டைகள். நிலம் குலுங்கினால் குலுக்கத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும், வீடு அசையாமல் நிற்கும் என்பது ஏற்பாடு. நம் மரத்துப் பாலே நம்மைத் தாங்கப்போகிறது என்று திறப்பு விழாவில் ஒருவர் பேசினார். நாங்கள் கைதட்டினோம்.

ஆனால் கட்டைகள் கொஞ்சம் அதிகமாகவே இளகிய மனம் படைத்தவையாக அமைந்துவிட்டன. நிலம் சும்மா இருந்தபோதும் வீடு ஆடியது. ரப்பர் பால் ஏற்றிய லோரி போனால் ஆடியது. அம்மா அம்மியில் மிளகாய் அரைத்தால் ஆடியது. மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் தரையோடு முடுக்கி வைத்திருந்ததால் அவை இருந்த இடத்தில் இருந்தன, நாங்கள்தான் தடுமாறினோம். முதன்முதலாக வந்த மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கள்ளுக்கடைக்குப் போவாமலே ஏறுதுலா மச்சான். எனக்கு ஒரு பாயப் போடு, நானும் இங்கயே இருந்துக்கிறேன்."

லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் யாரும் அதில் குடிபோகத் துணியவில்லை. அப்பா வேலையாட்களை மேய்க்கும் மண்டோர், துரை சொன்னதை மறுக்க முடியாத உத்தியோகம். ஆனால் அம்மா மனதாரவே போனார். தம்பி கைக்குழந்தை, பிறந்ததிலிருந்து இழுப்பு. லயத்து வீட்டுக் கூரை ஒழுகும், சுவரெல்லாம் பூசணம். ஈரத்தில் வைத்திருந்தால் பிள்ளை தங்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் சொல்லியிருந்தார். புது வீடு ஆடினாலும் காய்ந்திருந்தது. கொஞ்ச நாளிலேயே தம்பியின் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவது நின்றது.

சிக்கல் அவனுடைய தூக்கத்தில் வந்தது. ஸ்பிரிங் தொட்டில் இல்லாமல் அவன் கண்மூட மாட்டான். இந்த நாட்டில் தமிழர், மலாய்க்காரர் என்று பார்க்காமல் எல்லா வீட்டு உத்தரத்திலும் தொங்குகிற அதே ஸ்பிரிங்தான். அதில் சேலையைக் கட்டி, பிள்ளையைப் போட்டு இழுத்து விட்டால் மேலும் கீழுமாகத் துள்ளும். அப்பா ஏழாவது விதியைப் படித்துக் காட்டினார். மீறினால் வீடு போய்விடும் என்றும் சொன்னார்.

"எழுதுனவர வந்து ஒரு ராத்திரி இவனத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கச் சொல்லுங்க. அப்புறம் கழட்டுறேன்" என்றார் அம்மா. தொட்டில் தொங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியம்மா வந்தார். ஆளும் கனம், கையும் கனம். அம்மா அடுப்படியில் இருக்க, பெரியம்மா தொட்டிலை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து விட்டார். தொட்டில் துள்ள, வீடு ஆட, இரண்டும் எங்கோ ஒத்துப்போய், கூரைக்கடியில் இருந்த எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

அப்பா பல மாதங்களாக அதற்கே காத்திருந்தவர்போல் எழுந்தார். "எல்லாம் வெளிய! எதையும் எடுக்காதீங்க, வெளிய!" நாங்கள் ஓடினோம். மரத்தடியில் நிறுத்தி ஆளை எண்ணினார். அம்மா பெரியம்மாவின் கையைப் பார்த்தார். பெரியம்மா அம்மாவின் கையைப் பார்த்தார். இரண்டும் வெறுங்கை. உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இரு, உள்ள போவக் கூடாது..." என்று அப்பா வாயெடுப்பதற்குள் அம்மா படியேறிவிட்டார். அப்பா பின்னாலேயே ஓடி, வாசற்படியில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். அம்மா தம்பியோடு வெளியே வந்தார். அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அப்படியொரு ஆட்டம் அவனுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

மணிச் சத்தம் ஆபீஸ்வரை கேட்டிருந்தது. அங்கே கணக்கெழுதும் கிராணி சைக்கிளில் வந்தார். அப்பா தொட்டிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. "ஆடுச்சுங்க ஐயா" என்றார். அது பொய்யில்லை. கிராணி லயத்திலும் விசாரித்தார். ஓர் அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிலம் நடுங்கியதா என்று கேட்டால் இல்லையென்று சொல்வது மரியாதையல்ல என்று எங்கள் ஜனங்கள் நினைத்தார்கள். ஒருவர் வீட்டில் சட்டி உருண்டிருந்தது. இன்னொருவர் வீட்டுக் கோழி அடையைவிட்டு எழுந்து ஓடியிருந்தது. "யாரோ பாயப் பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு கிராணி ஐயா" என்றார் மாமா. கிராணி அத்தனையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, நாங்கள் திரும்பிப்போக அனுமதியும் கேட்டார்.

அனுமதி வரும்வரை மாமாவின் லயத்து வீட்டில் இருந்தோம். மழைக்காலம். பாயைச் சுற்றி டப்பாக்களில் ஒழுகல் சொட்டியது. தம்பியின் நெஞ்சில் பூனைக்குட்டி திரும்பி வந்தது. அப்பா சாயங்காலம்தோறும் ஆபீசுக்குப் போய் நின்றார். "வந்துருச்சுங்களா ஐயா?" "வரும் மண்டோர். மேல போயிருக்கு." பிற்காலத்தில் நானே அலுவலக முகப்பில் அமர்ந்து ஆயிரம் பேரிடம் சொன்ன வாக்கியத்தை அங்கேதான் முதலில் கேட்டேன்.

ஒரு நாள் காலையில் தம்பியின் உதடு நீலம் பூத்தது. அம்மா யாரையும் கேட்கவில்லை. அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு மழையில் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். ஆடும் வீட்டைத் திறந்து, நாற்காலிமேல் ஏறி, மணியின் நாக்கில் பழந்துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு தொட்டிலைக் கட்டினார். வேலை முடிந்து தேடி வந்த அப்பா கதவருகே வெகுநேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். "விளக்கு மட்டும் ஏத்தாத" என்றார்.

இப்படி நாங்கள் எங்கள் வீட்டிலேயே திருடர்களைப்போல இருந்தபோதுதான், சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜினியர் வந்து நின்றார். வீட்டைக் கட்டியவரே அவர்தான். கோலாலம்பூரிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர், கையில் நனைந்த குடை. அம்மா தொட்டிலை இழுத்துக்கொண்டிருந்தார். வந்தது யாரென்று பார்க்குமுன்பே விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்றார். இன்ஜினியரும் சத்தமில்லாமல் சப்பாத்தைக் கழற்றினார். நிமிர்ந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். மணியின் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். அப்பா ரப்பர் காட்டிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றார்.

"பிள்ளை ஒவ்வொரு நாளும் இந்த நேரமோ நித்திரை கொள்ளுறவன்?" என்று கிசுகிசுத்தார் இன்ஜினியர்.

"ஆமாங்கய்யா, வயிறு ரொம்புனதும் தூங்கிருவான்" என்றார் அம்மா.

"நேரம் தவற மாட்டானோ?"

"மாட்டான். ஐயா, வீட்ட மட்டும் புடுங்கிறாதீங்க. ஒழுகுற எடத்துல போட்டா எம்புள்ள இருக்க மாட்டான்."

அவர் வீட்டோடு சேர்ந்து ஆடிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "கழட்ட வேண்டாம் தங்கச்சி. உங்கட பாட்டில இருங்கோ. நான் ஆக்களோட வாற நாளில மட்டும் அந்தத் துணியை அவிட்டு விடுங்கோ."

அவர் சொன்னபடியே ஒரு மத்தியானம் தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் வந்தார்கள். அம்மா ஆளனுப்பிப் பெரியம்மாவை வரவழைத்து, தொட்டிலோடு உள்ளறையில் உட்காரவைத்தார். மணி அடித்தது. கோட்டுப் போட்டவர்கள் விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால் வீடு விழாமல் நின்றது. கைதட்டினார்கள். இன்ஜினியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

தம்பியின் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்த மனிதரைப் பார்த்து, அவருக்குப் பிள்ளைகள்மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். நிலநடுக்கம் தாங்கும் வீட்டைக் கட்டிவிட்டு, நடுங்காத நிலத்தில் கணக்குச் சொல்ல வேண்டியவனுக்கு இரவில் தூக்கம் வருமா என்று யோசிக்க அப்போது எனக்கு வயதில்லை. அன்று அந்த அறையில் கெஞ்சியது அம்மா மட்டும்தான் என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

எட்டாவது விதிப்படி கேட்டிருந்த அனுமதிக் கடிதமும் வரத்தான் செய்தது. ஜனவரியில், பள்ளி திறந்த முதல் நாள் காலை. அப்பா அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, தம்பி புதுச் சப்பாத்து மாட்டி முதலாம் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.