குரல் காணாமல் போன கேசட்

யாராவது வலிய வந்து ஒன்றைக் கொடுத்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் பக்கத்து லேத் மெஷினில் நின்ற நண்பன் திங்கட்கிழமைதோறும் ஒரு கேசட்டை நீட்டுவான். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய அண்ணன் கொண்டுவரும் வெளிநாட்டு ஆல்பங்களை எனக்கென்றே பதிவு செய்து தருவான்.

"புதுசு மாமே. கேட்டுட்டு சொல்லு."

இத்தனை பேர் இருக்க எனக்கு எதற்கு? இங்கிலீஷ் தெரியாதவன் என்ன உளறுகிறான் என்று பார்க்கத்தான், வேறென்ன! ஆனாலும் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன். அந்த ஃபேக்டரியில் என்னிடம் நின்று பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

ஒருமுறை 'டப்' என்று ஒரு வகை இசையைக் கொடுத்தான். பாடுகிறவன் ஒரு வரி பாடினான். பாதியில் குரலைக் காணோம். டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு சொல் வந்தது, மறுபடி போனது. டேப்ரெக்கார்டரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, டேப் உரசி ஓடும் ஹெட் பக்கத்திலிருந்த சின்ன ஸ்க்ரூவைத் திருகினேன். குரல் வரவில்லை. இன்னும் திருகினேன்.

அதன்பின் என் மனைவியின் சினிமாப் பாட்டுகள்கூடப் போர்வைக்குள்ளிருந்து ஒலித்தன. அடுத்த வாரம் அவன் கொடுத்தது, பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் நாலு பிள்ளைகள் தாங்களே போட்ட பாப் ஆல்பமாம். அதில் பாடிய பெண்ணும் அப்படியே அமுங்கிக் கிடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேன்டீனில் எல்லார் முன்னாலும் கத்தினேன். "உன் கேசட்டால என் செட்டே பூட்ச்சுடா. வேணும்னேதான குட்த்த?"

அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

ஞாயிறு காலை ஆவடியில் எங்கள் வீட்டுக்கே வந்தான். டேப்ரெக்கார்டரின் கேசட் மூடியைத் திறந்தான். கீறலாகக் கிடந்த ஸ்க்ரூவைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். யார் திருகியது என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பாட்டை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டே மெல்லத் திருகினான். சட்டென்று அவள் எதிரே உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"அந்த டப் கேசட்டு?" என்றேன்.

"அதுல கொரலு அப்டித்தான் வந்து வந்து போவும். அதான் அதுல விசேஷம்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. டீ கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது வாரம் நானே போய்க் கேட்டேன்.

"புதுசா எதுனா கீதா மாமே?"

லேத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"கீது. உங்க செட்டு கெட்டுப்பூடும் சார்."