குடல் வேகும் நாளில் திறக்கும் ரேடியோ

அடுப்பில் ஆட்டுக்குடல் கொதித்து, சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஆவி வழிய ஆரம்பித்த பிறகுதான் இசாக் ஸ்வார்ட்பூய் முதல் திருகாணியில் கைவைப்பார். தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ நிலத்தில் குளிர்காலக் காற்று ரஸ்க் மாதிரி காய்ந்தது. கம்பளியை உதறினாலே பொறி பறக்கும். அந்தப் பொறியில் ஒன்று விரல் வழியே ரேடியோவுக்குள் இறங்கினால் போதும், கதை முடிந்தது. ஈரக் காற்றில் அந்தப் பயம் குறைவு. அதனால் கிராடாக் ஊரில் அவர் தெருவில் குடல் வாசனை வந்தால், "வீட்டுல விருந்தா?" என்று யாரும் கேட்பதில்லை. "இசாக் இன்னைக்கு எதைப் பிரிச்சுப் போட்டிருக்காரு?" என்றுதான் கேட்கிறார்கள்.

ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. மேசையில் உட்காரும் முன் மோதிரம், கைக்கடிகாரம், கம்பளிச் சட்டை மூன்றையும் கழற்றிவிடுவார். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, உடம்பில் சேரும் மின்சாரம் மண்ணுக்கு இறங்க அதன் வயரைத் தண்ணீர்க் குழாயில் மாட்டிக்கொள்வார். பூனைக்கு வெளியேற்றம். மனைவி லெனா அந்த நேரத்தில் தலை சீவக் கூடாது. கழற்றிய திருகாணிகள் முட்டை அட்டையின் குழிகளில், கழன்ற வரிசையிலேயே, போய்ப் படுக்கும்.

"முப்பத்தெட்டு வருஷத்துல என்னை ஒரு தடவ உத்துப் பாத்ததில்ல. அந்த டப்பாவுக்கு மட்டும் கண்ணாடி மேல கண்ணாடி" என்பார் லெனா, குடலைக் கிளறிக்கொண்டே.

ஊர் அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் இசாக் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. "பேட்டரிய கழட்டாம மூடியத் தொடுறவன் மனுஷனே இல்ல. ஃபியூஸ் போச்சுன்னா அதே அளவு போடு. பெருசா போட்டா அடுத்து போறது ரேடியோதான்." ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்தால் போதாதா என்று ஒரு நாள் கேட்டுவிட்ட சங்கத்து ஃபோர்டைனோடு ஆறு மாதம் பேசவில்லை.

அப்பேர்ப்பட்டவரின், கேட்கவும் பேசவும் உதவும் கையடக்க ரேடியோ போன வாரம் செத்துப்போனது. கார் பேட்டரியில் மாட்டும்போது ப்ளஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தது வேறு யாருமில்லை, அவரேதான். "வயர்ல கலர் மங்கிப்போச்சு" என்றார். அது முந்தின நாள் வாங்கிய வயர் என்பது லெனாவுக்குத் தெரியும். தெரிந்தும் குடல் வாங்கக் கசாப்புக் கடைக்குக் கிளம்பினார்.

சனிக்கிழமை மலை ஓட்டம். எழுபது பேர் ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களைக் கவனிக்கும் உச்சிச் சாவடியில் போன் எடுக்காது. யாராவது காலை உடைத்துக்கொண்டால் கீழே சொல்ல ரேடியோ ஒன்றுதான் வழி. பதினான்கு வருடமாக அந்தச் சாவடி இசாக்குடையது. முந்தின நாள், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு, சாவடிகளுக்குப் போகும் சங்கத்தாரை ரேடியோவில் பேர் கூப்பிடுவார்கள். பதில் சொல்லாதவருக்குச் சாவடி கிடையாது. கூப்பிடுகிறவர் ஃபோர்டைன். அந்த உச்சியின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

வெள்ளி மதியம் குடல் கொதித்தது. கருகிப்போன ஃபியூஸ் கடுகளவு. அதை எடுத்துவிட்டு, அதே அளவில் புதியதைச் சாமணத்தால் பிடித்து, மூச்சை அடக்கி, இரண்டு முனையிலும் ஈயத்தை ஒற்றினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். மூடி, திருகாணி போட்டு, பேட்டரியைச் செருகினார். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

"லெனா, உசுரு வந்துடுச்சு."

கண் கலங்கியிருந்தது. ஆவி பட்டதாம்.

மணி ஐந்து. அடுத்த தெருவிலிருந்து ஃபோர்டைனின் குரல் கணீரென்று வந்தது. "கிலோ டெல்ட்டா, இருக்கியா?" ரேடியோவில் இசாக்கின் பேர் அதுதான்.

இசாக்கின் கட்டைவிரல் தானாகப் பேசும் பொத்தானுக்குப் போய், பாதியில் நின்றது. ஆன்டெனா இல்லை. கேட்பதற்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம். பேசினால், வெளியே போக வழியில்லாத சக்தி உள்ளேயே திரும்பி ரேடியோவைச் சுட்டுவிடும். மூடி போடும் முன்பே பேசிப் பார்க்கும் ஆசை வந்துவிடக் கூடாதென்று, ரேடியோவைத் திறக்கும்போதெல்லாம் ஆன்டெனாவைப் பக்கத்து வீட்டு மீட்டாவிடம் கொடுத்துவைப்பது அவர் வழக்கம். மீட்டா பொறுப்பானவர். அதைக் கைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார்.

லெனா கரண்டியோடு சர்ச்சுக்கு ஓடினார்.

"பதில் இல்ல. சரி, மத்த பத்தொம்பது பேரையும் முடிச்சுட்டு கடைசியா ஒரு தடவ கூப்பிடுறேன்" என்றது ரேடியோ. குரலில் சிரிப்பு தெரிந்தது.

பேர்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரே ஒரு வார்த்தைதானே, ஒரு வார்த்தையில் என்ன சுட்டுவிடப்போகிறது என்று இசாக்குக்குத் தோன்றியது. இதே ஒரு வார்த்தைக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார் என்பதும் நினைவுக்கு வந்து தொலைத்தது. ரேடியோவை மேசையில் வைத்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பதினெட்டாவது பேரில் லெனா மூச்சிரைக்க வந்தார். "பாடிட்டே இருந்தா. நானே பையில கைய விட்டு எடுத்துட்டு வந்துட்டேன். எந்தப் பக்கம் திருகணும்?"

"வலது பக்கம். மெதுவா. இறுக்காத."

"கடைசித் தடவ" என்றார் ஃபோர்டைன். "கிலோ டெல்ட்டா."

இசாக் கையை உருவினார். கை மரத்துக் கட்டையாகியிருந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேல் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. லெனா அந்த விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.