பாகற்காய் டாக்டரும் ஒரு சிவப்புப் புள்ளியும்

டாக்டர் என்று பேர்தான்; ஊசி போடத் தெரியாது. தெருவில் யாராவது இருமலைத் தூக்கிக்கொண்டு வந்தால், "ஒரு நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். மனிதர்களிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளைப் பார்ப்பதுதான் அவள் வேலை. மிச்சமிருக்கும் மனிதர் அவள் கணக்கில் வரமாட்டார்.

வீட்டில் அவள் பெயர் பாகற்காய். கல்லூரிக் காலத்தில் இடது தோளில் முளைத்த சின்னச் சின்ன முடிச்சுகளைப் பார்த்து அக்கா வைத்தது. அக்காவுக்கும் முதுகில் இதே சரக்கு உண்டு. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்பதால் பெயரிலிருந்து தப்பிவிட்டாள். பாகற்காய்க்கு முடிச்சுகள் பழகிவிட்டன. பச்சைத் தண்ணீர் பட்டால் மட்டும் சுரீரென்று குத்தும். ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு இருந்த ஊசி அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறையை ஒட்டி அவள் அறை. ஒருபக்கம் போர்வைகள் சுழலும் சத்தம், மறுபக்கம் துண்டுகளை ஊறப்போடும் ஃபார்மலின் நெடி. நடுவில் உட்கார்ந்து, முடியைவிட மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிய துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். நகர்ந்து போன கண் மறுபடி அதே இடத்துக்குத் திரும்பினால், எங்கோ எவருக்கோ சனி பிடித்துவிட்டது என்று லேபில் எல்லோருக்கும் தெரியும்.

மேலே இருக்கும் பெரிய டாக்டருக்கு எப்போதும் அவசரம்.

"சிறுநீரகக் கேன்சர்னு எழுதினாப் பத்தாதா? அதுக்கு என்ன குலம் கோத்திரம் வேண்டிக்கிடக்கு?"

"திருடன்னு மட்டும் சொன்னா எப்படி சார்? ஜேப்படிக்காரனா, வீடு புகுந்து வெட்டறவனான்னு தெரிய வேண்டாமா?"

அந்தக் கும்பல் முழுக்க அவளுக்கு முகப்பழக்கம். காலி வீடு மாதிரி உள்ளே வெளுத்துக் கிடப்பது ஒன்று. விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்பது இன்னொன்று; அதற்குப் பாப்பில்லரி என்று பேர். கனமாகக் காம்பவுண்டுச் சுவர் கட்டிக்கொண்டு ஓரளவு சாதுவாக இருப்பது வேறொன்று. வகைக்கு ஒரு வைத்தியம், வகைக்கு ஒரு தலையெழுத்து.

அன்று வந்தது ஒரு வெல்டரின் சிறுநீரகம். கட்டி விரல் விரலாகத்தான் இருந்தது. பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "பாப்பில்லரி. எழுதி அனுப்பு" என்று டீ குடிக்கப் போய்விட்டார். பாகற்காயும் பேனாவை எடுத்துவிட்டாள். ஆனால் கண் அதே இடத்துக்குத் திரும்பியது. செல்லின் நடுவில் பெரிய சிவப்புப் புள்ளி, சுற்றிலும் வெள்ளை வளையம். பக்கத்துச் செல்லிலும் அப்படியே. அதற்குப் பக்கத்திலும். எல்லாம் சேர்ந்து அவளையே முறைத்தன.

அது அரிதான வகை, மற்றவற்றைவிடப் பொல்லாதது. குடும்பத்தோடு வரும். முதலில் தோலில் முடிச்சு, பெண்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, பிறகு சத்தமில்லாமல் சிறுநீரகம். பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். தோளைச் சொறிந்துகொண்டேதான் படித்திருப்பாள்.

வார்டுப் பக்கமே போகாதவள் அன்று படியேறினாள். வெல்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தோல்ல எங்கயாவது முடிச்சு முடிச்சா இருக்கா அண்ணே?"

"கிட்னியப் பத்திக் கேப்பீங்கன்னு பார்த்தா தோலைக் கேக்கறீங்களே!" சிரிக்கப்போய்த் தையல் இழுத்தது. முகத்தைச் சுளித்தபடி சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். "இதானே? நெருப்புப்பொறி பட்டதுன்னு எல்லாரும் நினைப்பாங்க. இது எங்கம்மா சொத்து. வீட்டைப் பெரியவன் சுருட்டிக்கிட்டான், இதுல மட்டும் எல்லாருக்கும் சமபங்கு. கடைசித் தங்கச்சிக்குத்தான் ஜாஸ்தி. பச்சத்தண்ணி பட்டாப் போதும் டாக்டர்..."

"சுரீர்னு குத்தும்."

"அட! புத்தகத்துல போட்டிருக்கா?"

"ம். போட்டிருக்கு."

கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

தனிச் சாயம் ஒன்று போடச் சொன்னாள். நல்ல செல்களில் அது பழுப்பாக ஏறும். இந்த வகை என்றால் கட்டியில் மட்டும் ஏறாது. காத்திருக்கும்போது அம்மா ஞாபகம் வந்தது. அம்மா 'வயித்துக்கட்டி' என்றுதான் போய்ச் சேர்ந்தாள். ஊரார் கட்டிக்கெல்லாம் குலம் கோத்திரம் கேட்ட மகள் அந்த ஒரு கட்டிக்குக் கேட்கவில்லை. முப்பது தாண்டுவதற்குள் கட்டி என்று தன் கர்ப்பப்பையை எடுத்தபோதும் கேட்கவில்லை.

சாயம் ஏற்றிய கண்ணாடிச் சில்லு வந்தது. ஓரத்து நல்ல செல்கள் பழுப்பாக இருந்தன. கட்டி மட்டும் வெறிச்சென்று கிடந்தது. அந்தப் பொல்லாத வகையேதான்.

பாப்பில்லரி என்று எழுதினால் கேட்பார் இல்லை. தோளில் இருப்பது வெறும் முடிச்சாகவே இருக்கும்; அவளும் வெறும் பாகற்காயாகவே இருப்பாள். உண்மைப் பெயரை எழுதினால் அது வெல்டரோடு நிற்காது. அவர் தங்கையைத் தேடிப் போகும். இங்கே இந்த நாற்காலிக்கும் வரும். பேனா மூடியைக் கடித்துத் தட்டையாக்கினாள். பிறகு வகையின் முழுப் பெயரையும் எழுதி, கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஸ்கேன் செய்யச் சொல்லி அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டாள்.

அடுத்து அக்காவுக்குப் போன்.

"அக்கா, நீ உடனே ஒரு ஸ்கேன் எடுக்கணும். முதுகையும் டாக்டர்கிட்ட காட்டணும்."

"ஏண்டி பாகற்காய், இத்தனை வருஷம் கழிச்சுப் பழி வாங்கறியா? எனக்கும் பேர் வைக்கப் போறியா?"

"வச்சாச்சு. முதல்ல நான் எடுத்துக்கறேன். நாளைக்கு நீ வா."

அக்கா சிரித்தாள். இந்தப் பக்கம் சிரிப்பு வராததைக் கேட்டு, பாதியில் நிறுத்தினாள்.

ஸ்கேன் அறை டாக்டருக்கு வாய் ஓயாது. செத்தவனையும் சிரிக்கவைப்பார் என்று பேர்.

"என்ன டாக்டர், மைக்ராஸ்கோப்புக்கு அடங்காத சைஸ்ல எதையாவது முழுங்கிட்டீங்களா?" ஜெல்லைத் தடவிக் கருவியை இடது விலாவுக்குக் கீழே வைத்தார். "இந்தப் பக்கம் ஏ ஒன். என் பைக் இஞ்சினே இவ்வளவு கண்டிஷன்ல இல்ல. திரும்பிப் படுங்க, அந்தப் பக்கத்து இஞ்சின் எப்படி..."

கருவி வலது பக்கம் நகர்ந்தது. நின்றது. கொஞ்சம் தள்ளிப் போனது. மறுபடி அதே இடத்துக்குத் திரும்பியது.

பாகற்காய் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.