பிரேக்கக்காவின் கால் மைல்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவரைப் பிரேக்கக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். பக்கத்தில் இருப்பவர் கிளட்சைப் பொசுக்கென்று விட்டாலும் சரி, குறுக்கே வந்த நாயைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, அக்காவின் குரல் உயராது. கால் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு மழைநாளில் அந்தக் கால் கொஞ்சம் பிந்திவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த பெண் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்க, கார் ஒரு மதில் சுவரில் போய் முட்டியது. அந்தப் பெண்ணுக்குக் கீறல்கூட இல்லை. அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. எந்த வண்டி நகர்ந்தாலும் அவர் கால் தானாகத் தரையைத் துழாவியது. பேருந்தில் அந்தக் கால் இடித்துக்கொண்டே இருக்க, முன் இருக்கைக்காரர் ஒருநாள் திரும்பிப் பார்த்து, "ஏங்க, நான் இறங்கணுமா?" என்று கேட்டுவிட்டார்.

பள்ளி முதலாளி தன்மையானவர். "கொஞ்ச நாளைக்கு வகுப்புல சாலை விதி எடுங்கக்கா" என்றார். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. அக்கா கரும்பலகையில் நாற்சந்திகளை வரைந்தார், அம்புக்குறி போட்டார், அழித்தார். சன்னலுக்கு வெளியே பயிற்சிக் கார் கிளம்பும் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சு ஒரு கணம் நிற்கும்.

பள்ளியின் பின்கொட்டகையில் அதன் முதல் கார் கிடந்தது. வட்ட விளக்குகளும் வெளிறிய பச்சை நிறமும் கொண்ட பழைய ரகம். கொட்டகையை வகுப்பறையாக்க வேண்டியிருந்ததால் அதைப் பழைய இரும்புக்குப் போட முதலாளி ஆள் பேசிவிட்டார். அக்கா போய் நின்றார்.

"அத எனக்குக் குடுத்துருங்க."

"அக்கா, அது உங்கள ஏத்திக்கிட்டு ஓடாது. நீங்கதான் அதத் தள்ளிட்டுப் போகணும்."

"தள்ளிக்கிறேன்."

உண்மையாகவே தள்ளித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் நின்று தள்ளியவர் அவர் கணவர். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலாளி, அதிகம் பேசாதவர். வாசலில் மூச்சு வாங்கி நின்றுகொண்டு, "சரி, இத வெச்சு என்ன பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா சொன்னார். ஊருக்கு வெளியே பழைய விமானத் தளம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் ஓடுபாதையில் டிராக் ரேஸ் நடத்துகிறார்கள். இரண்டிரண்டு கார்களாக, நேர்கோட்டில் கால் மைல் தூரம். யார் வேண்டுமானாலும் எந்தக் காரையும் கொண்டுவரலாம் என்று டயர் கடையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

கணவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பஸ்ஸுலயே உன்னால உக்கார முடியல. ரேஸுக்குப் போறியா?"

"அங்க எதிர்ல எதுவும் வராதுங்க. பக்கத்துல யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க. அப்பவும் இந்தக் கால் பிரேக்கத் தேடுச்சுன்னா, நான் பேசாம சாக்பீஸையே பிடிச்சுக்கிறேன்."

மறுநாள் காலையில் பானட் திறந்திருந்தது. கணவர் கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இன்ஜின் தெரியுமா?" என்று அக்கா கேட்டார். "காலமெல்லாம் குளிர வெச்சுப் பாத்தாச்சு. ஒண்ணையாவது சூடாக்கிப் பாக்கறேன்" என்றார் கணவர்.

முதல் ஞாயிறன்று காரை வாடகை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், ஆனால் ஓடுபாதைவரை போகவே இல்லை. ஓடுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் பரிசோதிப்பார்கள். பரிசோதகர் சாம்பல் நிற மேலங்கி அணிந்த, உயரமான பெண்மணி. பேட்டரியைப் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. "இது கழண்டு வந்தா என்ன ஆகும்? கட்டிட்டு வாங்க" என்றார். பிறகு உள்ளே குனிந்தவர் இடப்பக்கத்துப் பிரேக்கைப் பார்த்துவிட்டார்.

"இது யாருக்கு?"

"எனக்கு" என்றார் கணவர்.

"ஓட்டறவங்க மட்டும்தான் சார் உள்ள இருக்கலாம்."

கணவரின் முகம் வாடிவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரத்தான் இத்தனை நாளாக நினைத்திருக்கிறார் என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பும் வழியெல்லாம் கணவர் தன் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்று மாலை ஸ்பேனரைத் தேடி எடுத்து, "கழட்டிரட்டுமா?" என்றார். "குடுங்க, நானே கழட்டறேன்" என்று அக்கா வாங்கிக்கொண்டார். துருப்பிடித்த போல்ட் வர மறுத்தது. இருவரும் மாறி மாறிப் பிடித்து முறுக்கித்தான் அதை எடுத்தார்கள்.

அடுத்த மாதம் கார் பரிசோதனையில் தேறியது. தொடக்கக் கோட்டில் ஒரு கம்பம், அதில் மேலிருந்து கீழாக மஞ்சள் விளக்குகள், அடியில் பச்சை. அக்கா கோட்டுக்கு வந்தார். இருக்கையைச் சரிசெய்தார். மூன்று கண்ணாடிகளையும் பார்த்தார். பச்சை விழுந்ததும் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். "பச்சைக் கார் வலதுபக்கம் திரும்பப்போகுது, எல்லாரும் ஒதுங்கிக்குங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வேலி ஓரம் நின்ற கூட்டம் சிரித்தது. பாதி வழியில் கால் ஆக்சிலரேட்டரைவிட்டு எழுந்து காற்றில் நின்றது. கார் ஊர்வலம்போல முடிவுக்கோட்டைக் கடந்தது.

இரண்டாம் முறையும் கால் எழுந்தது. ஆனால் உடனே இறங்கியது. மூன்றாம் முறை எழவே இல்லை. கதவுகள் கடகடத்தன, கியர் தடி உள்ளங்கையில் அதிர்ந்தது, காலடியில் தரை விறுவிறுவென்று ஓடியது. கோட்டைத் தாண்டி வேகம் குறைந்த பிறகுதான் தான் மூச்சை அடக்கியிருந்தது அவருக்கு உறைத்தது. ஓடுபாதையின் கடைசியில் காரை நிறுத்தினார். அழுகை வந்தது. அதற்குக் காரணம் தேட அவருக்குத் தோன்றவில்லை.

பரிசோதகப் பெண்மணிதான் போட்டியின் சூட்சுமத்தைச் சொன்னார். "வேகமா போறவங்கதான் ஜெயிப்பாங்கன்னு இல்லம்மா. உங்க கார் எத்தன விநாடியில போகும்னு நீங்களே முன்கண்ணாடில எழுதணும். மெதுவான கார முதல்ல விடுவோம். எழுதினதவிட வேகமா போனா அவுட்டு. அத ஒட்டிப் போறவங்க ஜெயிச்சாங்க."

"அதாவது, சொன்னபடி ஓட்டணும்."

"அவ்வளவுதான்."

"அதத்தானே நான் எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன்" என்றார் அக்கா.

கணவர் கண்ணாடியில் வெள்ளை மையால் இருபது என்று எழுதினார். முதல் சுற்றில் எதிராளி ஒரு பல் மருத்துவர். பளபளக்கும் புதுக் கார் அவருடையது. அக்கா கிளம்பிப்போய் வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குப் பச்சை விழுந்தது. முன்னால் போகும் பச்சைக் காரைப் பிடிக்கும் ஆவேசத்தில் மிதித்து, தான் எழுதிய நேரத்தைவிட வேகமாகப் போய்த் தோற்றார். "உங்களத் துரத்தினதுல நான் என் கணக்க மறந்துட்டேன்" என்று அவரே வந்து கைகொடுத்தார்.

இரண்டாவது சுற்றில் எதிராளி ரொட்டிக் கடைக்காரர், பழைய வேன் வைத்திருந்தார். மஞ்சள் விளக்குகள் இறங்கின. அக்கா கிளம்பினார். இதுவரை ஓட்டியதிலேயே அழகான ஓட்டம் அது. கியர் வெண்ணெய்போல விழுந்தது, கால் இருந்த இடத்தில் இருந்தது. சிரித்த முகத்தோடு திரும்பிவந்தவரைப் பார்த்துப் பரிசோதகப் பெண்மணி தலையை ஆட்டினார்.

"பச்சைக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்கம்மா. முந்திக் கிளம்பினா சிவப்பு எரியும், உங்களுக்கு எரிஞ்சுருச்சு."

"யாருக்கு? எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். "ஊருக்கே சிக்னல் சொல்லிக்குடுக்கறவ, நீயே சிவப்புல போயிருக்க" என்றார். அக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோற்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளைத் தான் பார்த்ததில்லை என்று ரொட்டிக் கடைக்காரர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் அக்கா பயிற்சிக் காருக்குத் திரும்பினார். முதல் சில நாட்கள் உள்ளங்கை வியர்த்தது. பிறகு அதுவும் நின்றது. ரேஸை அவர் விடவில்லை. கோப்பை எதுவும் வாங்கவில்லை, இரண்டாம் சுற்றைத் தாண்டியதும் அபூர்வம்தான்.

குளிர்காலம் முடிந்த சமயத்தில் கணவர், "ஒரே ஒரு தடவ நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு வேலி ஓரம் போய் நின்றார். கணவர் அக்காவைவிட அரை விநாடி விரைவாகப் போய்ச் சேர்ந்தார். வீடு திரும்பும்போது கணவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"காத்து உங்க பக்கம் அடிச்சுது, அதான் அந்த அரை விநாடி" என்றார் அக்கா, வீட்டுச் சந்தில் திரும்பும்போது.