கயிறு மாட்டியவர்

எனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. சாமான் சுற்றி வந்த பேப்பர்களை வாசித்து வாசித்து ஒட்டிக்கொண்டது. அந்தத் தைரியத்தில்தான் அப்புத்தளையில் போட்டோகொப்பிக் கடையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களின் கடிதங்களையும் படித்துச் சொல்கிறேன். போன மாதம் அந்தத் தைரியம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், போனுக்கு வந்த இங்கிலீஷ் விபத்து அறிக்கை ஒன்றை அச்செடுக்க வந்தாள். கணவர் ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து விமானத் திடலுக்கு உதவிக்குப் போவார். மேலும் கீழுமாய் இரண்டடுக்கு இறக்கை வைத்த பழைய விமானம் ஒன்று, எஞ்சின் இல்லாத கிளைடரைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போய் வானத்தில் விட்டுவிட்டு வரும். கயிறு மாட்டுவது அவர். ஒருநாள், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கிளைடர் மட்டுமீறி உயர்ந்து, விமானத்தின் வாலைத் தூக்கிவிட்டது. விமானம் தலைகுப்புற விழுந்தது. ஓட்டியவர் இறந்துபோனார். அன்றிலிருந்து கணவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம்.

"அவரு மேல குத்தம் இருக்கா, இல்லையா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே."

பார்த்தேன். பக்கம் பக்கமாக விமானத்தின் கதைதான். பட்டாளத்தில் பையன்களுக்குப் பறக்கப் பழக்கியது, பிறகு வயலுக்கு மருந்தடித்தது, கொட்டகையில் கிடந்தது, இறக்கைத் துணி மாற்றியது, கடைசியில் கயிறு இழுக்க வந்தது. வாசிக்க வாசிக்க அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நம்மள அறுபது வயசுல வேலையிலருந்து நிப்பாட்டிடுறாங்க. இந்தப் பழைய பிளேன மட்டும் ஏன்ணே விடல?" என்றாள். அவள் கேட்ட விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அவரு பேரு எங்க இருக்கு?"

தேடினேன். எஞ்சின் நம்பர்கூட இருந்தது. அவர் பெயர் இல்லை.

அவள் முகம் தெளிந்தது. "பேரு போடலன்னா அன்னைக்கு அவரு வேலைக்கே வரலன்னுதானே அர்த்தம்?"

தோட்டத்துக் கணக்கு அது. செக்ரோல் என்கிற வருகைப் பதிவுப் புத்தகத்தில் பெயர் விழாதவர் மலையில் நின்றிருந்தாலும் நிற்காதவர்தான். இது அந்த மாதிரிப் புத்தகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கணவருக்கு ஸ்பீக்கரில் போனைப் போட்டுவிட்டாள்.

"ஏங்க, ஒங்க பேரு இதுல இல்லவே இல்ல. நீங்க அன்னைக்குப் போகல, அவ்வளவுதான்!"

"பைத்தியமா ஒனக்கு? கயிறு என் கையிலதான் இருந்துச்சு. அண்ணங்கிட்ட குடு."

போனை வாங்கினேன்.

"அண்ணே, கயிறப் பத்தி என்ன போட்டிருக்கு?"

அந்த இடத்தை ஏற்கெனவே அவளுக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். இரண்டு வரி. கயிறு சரியாக மாட்டப்பட்டிருந்தது என்பது முதல் வரி. கயிற்றை அவர் மாட்டிய கொக்கி, ஆபத்தில் ஓட்டுபவர் கழற்றிவிட வேண்டியது, ஏன் கழலவில்லை, அது இறுகிக்கொண்டதா, ஓட்டியவருக்கு நேரம் போதவில்லையா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது இரண்டாவது.

முதல் வரியை வாசித்தேன். நிறுத்திக்கொண்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானாண்ணே?" என்றார் கணவர்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் போனுக்கு அருகில் குனிந்து, "அவ்வளவுதாங்க" என்றாள்.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"இன்னொரு தடவ வாசிங்கண்ணே" என்றார்.

அதே முதல் வரியை வாசித்தேன்.